எந்தப் புதுக்கோட்டை?

முத்திருளனை லாரியை விட்டு இறக்கியது சர்க்கரை வியாதி. வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, பார்வையின் நடுவில் ஒரு அழுக்குத் திட்டு விழுந்துவிட்டது. கண் டாக்டர் லேசர் வைத்து அதற்கு மேல் பரவாமல் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, "மத்த வேலையெல்லாம் தாராளமாப் பாருங்க. ஹெவி வண்டி மட்டும் இனிமே தொடாதீங்க" என்றார்.

மற்ற வேலை என்றால் எது என்று முத்திருளனுக்குத் தெரியவில்லை. மீசை முளைத்த காலத்திலிருந்து அவன் பார்த்தது அந்த ஒரு வேலைதான். வயது நாற்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்ந்து உட்காருகிற வயதும் இல்லை, புதிதாக ஒன்றைத் தொடங்குகிற வயதும் இல்லை. மதுரை காளவாசலில் இருந்த வாடகை வீட்டில் கொஞ்ச நாள் சும்மா இருந்து பார்த்தான். மனைவி பேச்சியம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை.

"நீங்க பகல்ல வீட்ல இருந்து எனக்குப் பழக்கமே இல்ல. திரும்புற பக்கமெல்லாம் குறுக்க நிக்கிறீக. போயி கம்பெனியில ஏதாச்சும் கேட்டுப் பாருங்க" என்றாள்.

அவன் ஓட்டிக்கொண்டிருந்த சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் கிடங்கு கப்பலூர் பக்கம் இருந்தது. வாட்ச்மேன் வேலை கேட்கலாம் என்றுதான் போனான். எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று பார்க்கிற மேனேஜர் ஸ்வர்ணா, டவுனில் பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரப் பெண். அவனைவிடப் பத்து வயதாவது இளையவள். அம்மாவோடு தங்கள் மொழியில் போனில் பேசிக்கொண்டிருந்தவள், இவனைக் கண்டதும் உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

"வாட்ச்மேனுக்கு ஆள் இருக்குண்ணே. கன்ட்ரோல் ரூம்ல ஒரு சீட் காலி. உக்காருறீங்களா?"

முத்திருளன் சிரித்துவிட்டான். "நான் ஒம்பதாங் கிளாஸ் மேடம். கம்ப்யூட்டரைத் தொட்டதே கெடையாது."

"கத்துக்கலாம். அந்த சீட்டுக்கு வண்டி ஓட்டுன ஆள் வேணும்னு நான் ஹெட் ஆபீஸ்ல ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஆறு மாசம் ட்ரயல். பாத்துட்டுச் சொல்லுங்க."

காளவாசலிலேயே ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. காலையில் அங்கே போய், ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினான். பக்கத்து நாற்காலியில் ஜனகராஜ் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். கடையை மூடிவிட்டதால் கிடங்கில் ஸ்டாக் பார்க்கும் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார். இருவரும் வகுப்பு முடிந்ததும் கீழே டீ குடிப்பார்கள். "நம்ம புள்ளைக வயசு ஆளுககிட்ட 'சார், மறந்துபோச்சு சார்'னு கேக்குறோம் பாருங்க, அதுதான் இதுல பெரிய பாடம்" என்பார் ஜனகராஜ். முத்திருளனுக்கு அவர் சொல்வது பிடிக்கும். வெட்கத்தைப் பங்குபோட்டுக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தது போல இருந்தது.

வேலையில் சேர்ந்த பிறகுதான் கஷ்டம் எழுத்தில் இல்லை என்பது புரிந்தது. திரையில் மதுரையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வண்டிகள் நகரும். காதில் ஹெட்போன். ஒரு பக்கம், "என் சரக்கு எங்கே?" என்று கேட்கிறவர்கள். இன்னொரு பக்கம் டிரைவர்கள். அவன் ஓட்டுகிற காலத்தில் அந்த அறையிலிருந்து வருகிற குரலைத் திட்டாத நாளே கிடையாது. 'ஏசியில உக்காந்துக்கிட்டு அங்க போ, இங்க போன்னு சொல்ல இவனுகளுக்கு என்ன வலி' என்பான். இப்போது அந்தக் குரலே அவன்தான்.

டிரைவர்களில் சிவபாண்டி அவனுக்கு உயிர்ச் சிநேகிதன். சோழவந்தான்காரன். இரண்டு பேரும் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டி நாக்பூர் வரை போயிருக்கிறார்கள். ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். ஆவணி மாதத்தில் சிவபாண்டி ஒரு நாள் வந்து, கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

"மாப்ள, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாண்டிமீனாவப் பொண்ணு பாக்க வாராக. அலங்காநல்லூர்ப் பக்கம். நல்ல எடம். அன்னிக்கு மட்டும் பக்கத்துல ஒரு டிரிப்பாப் போட்டு விடு."

"இதுக்குப் போயி கெஞ்சுற? நான் பாத்துக்கிறேன் போ."

சொன்னபடியே பார்த்தும் வைத்தான். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி விடுதிக்குப் பெரிய குளிர்பதனப் பெட்டிகள் போக வேண்டியிருந்தது. கப்பலூரிலிருந்து ஒரு நடை. இறக்கிவிட்டு வந்தால் மதியச் சாப்பாட்டுக்குச் சிவபாண்டி வீட்டில் இருக்கலாம்.

அன்று காலை கன்ட்ரோல் ரூமில் நெருப்புப் பிடித்த மாதிரி இருந்தது. விருதுநகர் தாண்டி ஒரு வண்டி அச்சு முறிந்து நின்றுவிட்டது. சரக்குக்காரர் ஒரு போனில் கத்திக்கொண்டிருந்தார். அந்த அவசரத்துக்கு நடுவே முத்திருளன் சிவபாண்டியின் டிரிப்பைப் போட்டான். ஊர்ப் பெயரில் முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் இரண்டு புதுக்கோட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. ஒன்று மதுரைக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் இருப்பது. மற்றது கிழக்கே மேலூர், திருப்பத்தூர் எல்லாம் தாண்டி, மாவட்டத் தலைநகராக இருப்பது. எது எந்த ஊர் என்று பாராமல் அவன் கை மேலே இருந்ததை அழுத்தியது.

கொஞ்ச நேரத்தில் சிவபாண்டி போன் செய்தான்.

"மாப்ள, எந்தப் புதுக்கோட்டை? மேப்பு மேலூர்ப் பக்கமாக் காட்டுது."

ரிங் ரோட்டைச் சுற்றிவிடுகிறது போல என்று முத்திருளன் நினைத்தான். திரையைத் திருப்பி ஒரு முறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மற்றக் காதில் விருதுநகர் வண்டியின் சரக்குக்காரர் விடாமல் கத்தினார்.

"மேப்பு என்ன காட்டுதோ அதும்படி போப்பா. ஆளாளுக்குப் போன் போட்டா நான் எப்ப வேலை பாக்குறது?"

வைத்துவிட்டான். மாப்ள என்று சொல்லாமல் போப்பா என்று சொன்னது கூட அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

விருதுநகர் வண்டிக்கு மாற்று ஏற்பாடு செய்து முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. டிபன் பாக்ஸைத் திறக்கும்போது சிவபாண்டியின் போன் வந்தது. குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் புதுக்கோட்டையில நிக்கிறேன். அரமனைக்குப் பக்கத்துல. இங்க அப்படி ஒரு ஹாஸ்டலே இல்லங்கிறாக. ஆபீஸ் சொல்லுச்சுன்னு வந்தேன். இன்னிக்கு என்ன நாளுன்னு ஒனக்குத் தெரியும்ல?"

முத்திருளன் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தான். திரையைப் பார்த்தான். சிவபாண்டியின் புள்ளி தன்னந்தனியாகக் கிழக்கே கிடந்தது.

அதற்குள் ஸ்வர்ணா அறைக்குள் வந்துவிட்டாள். "விடுதியிலேருந்து போன் மேல போன். இந்த டிரைவர் ஏன் அம்புட்டு தூரம் போனார்? டிரிப்பை அவர்தானே ஓகே பண்ணியிருக்கார்?"

டிரைவர் ஒப்புக்கொண்டார் என்பதற்கு அடையாளமாகத் திரையில் பச்சை டிக் இருந்தது. ஹெட் ஆபீஸ் அதைத்தான் பார்க்கும். முத்திருளன் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், விஷயம் சிவபாண்டி தலையில் முடிந்துவிடும். முன்பு எத்தனையோ தடவை அப்படி முடிந்திருக்கிறது. அவன் ஓட்டிய காலத்தில் அவன் தலையிலும் முடிந்திருக்கிறது.

"அவன் கேட்டான் மேடம், எந்தப் புதுக்கோட்டைன்னு. நான்தான் எரிஞ்சு விழுந்து போகச் சொன்னேன். டிரிப்பைத் தப்பாப் போட்டதும் நான்தான்."

ஸ்வர்ணா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "கண்ணு சரியாத் தெரியலையாண்ணே?" என்று மெல்லக் கேட்டாள். அவனுக்கு ஒரு வழி விடத்தான் அப்படிக் கேட்டாள் என்று தெரிந்தது.

"கண்ணு நல்லாத் தெரிஞ்சுச்சு மேடம். அவன் சொன்னதக் காதுலதான் வாங்கல."

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "உங்க ட்ரயல் முடியற நேரத்துல இப்படி. நான் எழுதித்தான் ஆகணும், தெரியும்ல?"

"எழுதுங்க மேடம். ஆனா ஒண்ணு, அவன் மகளப் பொண்ணு பாக்க இன்னிக்குச் சாயங்காலம் வாராக. அவன வீட்டுக்குக் கொண்டுவரணும்."

ஸ்வர்ணா நாற்காலியை விட்டு எழுந்தாள். "அப்ப மொதல்ல அதைப் பாருங்க."

சிவபாண்டியை லாரியோடு வரச் சொன்னால் விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிடும். சரக்கோடு வண்டியைத் தனியே விட்டு வரவும் அவன் சம்மதிக்க மாட்டான். முத்திருளன் திரையில் கிழக்குப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கினான். தஞ்சாவூரிலிருந்து வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த மொக்கையனின் லாரி கந்தர்வகோட்டையைத் தாண்டியிருந்தது. நீண்ட தூரம் போய், கடைசிச் சரக்கைத் தஞ்சாவூரில் இறக்கிவிட்டு வந்த வண்டி என்பதால் அதில் இரண்டு டிரைவர்கள். முத்திருளன் போன் செய்தான். இந்தத் தடவை உத்தரவு போடவில்லை, நடந்ததைச் சொன்னான்.

"மொக்கையண்ணே, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். புதுக்கோட்டையில சிவபாண்டி நிக்கிறான். உங்க கூட வார ஆளு அவன் வண்டிய எடுத்துட்டு வந்தா, அவன் பஸ் ஏறிருவான். முடியுமாண்ணே?"

"என்னய்யா, ரெண்டு புதுக்கோட்டைக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சா?" என்று மொக்கையன் சிரித்தார். "சரி, சாப்பாடு அவன் வாங்கித் தரணும். நிக்கச் சொல்லு, வந்துட்டோம்."

அடுத்து, கம்பெனியின் குட்டியானை வேனை ஓட்டுகிற பேயாண்டியை அழைத்து, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை எதிர்பார்த்து நின்று, இறங்குகிறவனை நேரே சோழவந்தானுக்குக் கொண்டுபோய்விடச் சொன்னான். அப்போதும் கணக்குச் சரியாக வரவில்லை. எப்படிப் பார்த்தாலும் மாப்பிள்ளை வீட்டார் வந்த பிறகுதான் சிவபாண்டி வருவான்.

"நீங்க கிளம்புங்க" என்று ஸ்வர்ணா அவனுடைய ஹெட்போனை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். "அங்க போயி உண்மையச் சொல்லுங்க. வண்டிய மெதுவா ஓட்டுங்க."

முத்திருளன் டூ வீலரில் சோழவந்தான் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையிலேயே புது வெள்ளை வேட்டிகள் தெரிந்தன. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிவபாண்டியின் மனைவி ராமக்காள் வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தாள். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்க்கிறவள். அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். முகத்தில் மட்டும் அழுத தடம். முத்திருளனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க அந்த வேலைக்குப் போனப்ப, 'இனிமே நம்ம ஆளு அங்க இருக்காரு'ன்னு அம்புட்டுச் சந்தோசப்பட்டாருண்ணே அவரு."

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "வந்துக்கிட்டு இருக்கான்மா" என்று மட்டும் சொன்னான்.

உள்ளே பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை சூர்யபிரகாஷ், ஏசி மெக்கானிக். தலையை நிமிர்த்தாமல் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். பேச்சையெல்லாம் அவனுடைய தாய்மாமன் எடுத்துக்கொண்டார்.

"பொண்ணோட அப்பா எங்க? பொண்ணு பாக்க வார அன்னிக்குக் கூட ரோட்டுலதானா?"

ராமக்காள் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நின்றாள். முத்திருளன் எழுந்தான். நாலு பேர் முன்னால் பேசி அவனுக்குப் பழக்கமில்லை.

"நான் சிவபாண்டியோட கூட்டாளி. ஆபீஸ்ல வண்டிய அனுப்புற ஆளு நான்தான். அவன் இன்னிக்குப் பக்கத்துல ஒரு நடை மட்டும் போயிட்டு வரணும்னு கேட்டிருந்தான். நாகமலை புதுக்கோட்டைக்கு அனுப்புறதுக்குப் பதிலா அந்தப் புதுக்கோட்டைக்கு அனுப்பிட்டேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல."

மாப்பிள்ளையின் அம்மா, கையில் டீத் தம்ளரோடு, அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்ப்பா, மதுரைக்காரன் ஒருத்தனுக்கு நாகமலை தெரியாமயா போச்சு? அந்த மலைய எங்க ஒளிச்சு வச்சிருந்தாக?"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. உள்ளறையிலிருந்து ஒரு பெண் சிரிப்பும் கேட்டது. முத்திருளனும் அசடு வழியச் சிரித்தான். தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, நல்ல நேரம் போய்க்கிட்டே இருக்கு. பொண்ண வரச் சொல்லுங்க. பாத்துட்டுக் கெளம்புவோம்."

ராமக்காள் உள்ளே போனாள். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. வெளியே வந்தவளின் முகம் வெளிறியிருந்தது.

"அப்பா வந்த பெறகுதான் வருவேங்கிறா" என்றாள்.

தாய்மாமன் எழுந்துவிட்டார். "இப்பவே இம்புட்டுப் பிடிவாதமா?"

"உக்காருண்ணே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அப்பன் வரட்டும்னு சொல்ற புள்ளைய என்ன சொல்ல முடியும்? நம்ம வீட்டுப் புள்ள சொன்னா சந்தோசப்பட மாட்டமா?" அவர் முத்திருளன் பக்கம் திரும்பினார். "ஒங்க கூட்டாளி இப்ப எங்க இருக்காரு? சும்மா 'இந்தா வந்துட்டாரு'ன்னு சொல்லாதீக. நெசமாச் சொல்லுங்க."

முத்திருளன் போனை எடுத்துப் பேசினான். "திருப்பத்தூர் தாண்டிட்டான். மேலூர்ல கூட்டம் ஏறும், கொஞ்சம் நிக்கும். மாட்டுத்தாவணியில வேன் நிக்கிது. இன்னும் நல்லா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்மா."

"ஒரு மணி நேரமா? அப்ப பஜ்ஜியப் போடச் சொல்லுங்க" என்று அவர் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கூடத்தில் இறுக்கம் குறைந்தது. எவ்வளவு நேரம் என்று தெரிந்ததும் ஆட்கள் சாவகாசமானார்கள். சிலர் வைகைப் பாலம் வரை நடந்துவிட்டு வந்தார்கள். தாய்மாமன்கூட இரண்டு தட்டு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "இப்ப எங்கய்யா?" என்று கேட்க ஆரம்பித்தார். முத்திருளன் ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே வந்தான். மேலூர் தாண்டியாச்சு. வேன் ஏறியாச்சு. சமயநல்லூர்ல ரயில்வே கேட் போட்டுட்டாக. கேட் மூடியதைச் சொல்லும்போது எல்லோரும் "அடடா" என்றார்கள், கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்த மாதிரி. சூர்யபிரகாஷ் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி, "கேட் தொறந்துருச்சாண்ணே?" என்று கேட்டான்.

சிவபாண்டி காக்கிச் சட்டையோடு வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான். முத்திருளனைப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய்த் தலையில் நாலு செம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வேட்டி மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததும் பாண்டிமீனா காபித் தட்டோடு வெளியே வந்தாள். முதல் தம்ளரை அப்பாவுக்குத்தான் நீட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா அதைக் கவனித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

அவர்கள் பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போனார்கள். வாசலில் முத்திருளன் செருப்பு மாட்டும்போது சிவபாண்டி பக்கத்தில் வந்தான்.

"நான் கேட்டேன்ல?"

"கேட்ட."

"ஒனக்கே தெரியாதா, ரோட்டுல நிக்கிறவன் ஒண்ணு கேட்டா..." பேச்சை முடிக்காமல் விட்டுவிட்டான். "போ. இருட்டிருச்சு, ஒனக்குக் கண்ணு வேற. பேயாண்டி வேன்லயே போ. வண்டி இங்க கெடக்கட்டும்."

முத்திருளன் டூ வீலர் சாவியை அவன் கையில் கொடுத்தான். தலையாட்டிவிட்டு வேனில் ஏறினான்.

ஸ்வர்ணா எழுத வேண்டியதை எழுதினாள். ஹெட் ஆபீஸ் அவனுடைய ட்ரயலை மேலும் சில மாதங்களுக்கு நீட்டியது. வேலையை விட்டு நிறுத்தவில்லை. விடுதிக்காரர்களிடம் முத்திருளனே நேரில் போய் நின்று திட்டு வாங்கிக்கொண்டு வந்தான். ஊர்ப் பட்டியலில் மதுரைக்குப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் முழுப் பெயரும் வருகிற மாதிரி மாற்றச் சொல்லிக் கேட்டான். மாற்றினார்கள். டிரைவர் போனில் ஒன்று கேட்டால் மற்றக் காதில் யார் கத்தினாலும் முதலில் திரையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வது என்று வைத்துக்கொண்டான். எல்லா நாளும் முடியவில்லை. சில நாள் அவனும் எரிந்து விழுந்தான். விழுந்தால், அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்து, "அப்ப ஒரு கோவத்துல பேசிட்டேண்ணே, இப்ப சொல்லுங்க" என்பான்.

சிவபாண்டி ரொம்ப நாள் அவனுக்குப் போன் செய்யவில்லை. டிரிப் வந்தால் பச்சை டிக் மட்டும் விழும். இறக்கியதும் இன்னொரு டிக். முத்திருளன் அழைத்தால் "சொல்லுங்க" என்பான், வேற்று ஆளிடம் பேசுகிற மாதிரி. அந்த 'ங்க' முத்திருளனை உறுத்திக்கொண்டே இருந்தது. பேச்சியம்மாவிடம் சொன்னான். "உறுத்தட்டும். கொஞ்ச நாள் உறுத்துனாத்தான் சரியாவும்" என்று அவள் இட்லியை எடுத்து வைத்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை. சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஏற்றிய சிவபாண்டியின் வண்டி ஒரே இடத்தில் நின்றிருந்ததைத் திரையில் பார்த்தான். கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.

"மாப்ள, கண்ணுக்கு முன்னால ரோடே தெரியல. மழை விடுற வரைக்கும் ஓரங்கட்டி நிக்கவா? சிவகாசிக்காரரு சத்தம் போடுவாரு."

"நில்லு மாப்ள" என்றான் முத்திருளன். "அவருகிட்ட நான் பேசிக்கிறேன். டீக்கடை எதுவும் பக்கத்துல இருக்கா?"

"இருக்கு. வடை ஆறிப்போயிக் கெடக்கு."

"பரவால்ல, தின்னு."

மறுமுனையில் சிவபாண்டி ஏதோ சொன்னான். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. முத்திருளன் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு" என்றான்.